தோளளவு

குளச்சலில், மீன் ஏலக்கூடத்துக்குப் போகும் சந்தில்
பல் டாக்டர் ரெஜினியின் புதுக் கிளினிக்.
ஜிப்சம் கூரை இன்னும் ஏறவில்லை. கம்பிச்சட்டம் மட்டும்.
அதற்கு மேலே நான் போட்ட குழாய்கள்:
ஏசி வடிகால், மாடித் தண்ணீர், மூன்று வால்வு.

திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்த டிசைனர் சொன்னார்:
"கூரையில ஒரு கோடுகூடத் தெரியப்பிடாது."

நான் சட்டைக் காலரை இழுத்து
இடது தோளைக் காட்டினேன்.
குழித்துறையில் ஒரு வீடு. பார்க்க அழகாயிருக்க
ஓரடிக்கு ஓரடி ஓட்டைதான் விட்டிருந்தார்கள்.
தலை போயிற்று, ஒரு கை போயிற்று,
மற்ற கை ஸ்பானரோடு வெளியே தொங்கியது
வேறு யாருடைய கையோ என்பதுபோல.
வால்வோ முழங்கைக்கு ஒரு சாண் அப்பால்
சொட்டிக்கொண்டே இருந்தது.
கடைசியில் சுத்தியல்தான் வழி திறந்தது.
அந்தக் கூரைக்கு மூன்று தரம் பெயிண்ட் அடித்தும்
தேமல் போகவில்லை.

டாக்டர் ஒன்றும் பேசவில்லை.
மேசை மேல் கிடந்த டேப்பை எடுத்து
என் தோளுக்குத் தோள் வைத்தார்.
பதினெட்டே கால்.
தையற்காரரைத் தவிர யாரும் என்னை அளந்ததில்லை,
கூச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
"மூச்சு விடும் ஓய். மூச்சு விட்டுத்தானே வேலை செய்வீரு?"
இருபத்திநாலு என்று எழுதிக்கொண்டார்.

பிறகு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுச் செயரில்
மல்லாந்து படுத்து
வாயை ஆவெனத் திறந்து
கூரை வரப்போகும் இடத்தையே பார்த்துக் கிடந்தார்.
எழுந்ததும் டிசைனரிடம்,
"அரைமணி நேரம் ஒருத்தன் பாக்கப்போறது இதைத்தான்.
கோடு இருக்கட்டும். கோணலா இருக்கப்பிடாது."

சாம்பிள் கதவுகள் ஒரு வாரம் வந்தன.
தகர இரும்பு: இந்தக் கடற்காற்றில் அதன் கீல்
ஒரு இடவப்பாதி தாங்கும், ஐப்பசி மழைக்கு அழும்.
பிளாஸ்டிக்: வெள்ளையாய் வந்து
பீடிப்பல் நிறத்துக்குப் போகும்; பல் டாக்டருக்கு ஆகாது.
மூன்றாவது அலுமினியச் சட்டம், நடுவில் கூரையின் அதே ஜிப்சம்.
அழுத்தினால் கிளிக்கென்று இறங்கியது.
தலையில் விழாமல் பிடித்துக்கொள்ள
இரண்டு மெல்லிய எஃகுக் கயிறு.
சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக;
ஒற்றை ரூபாய்க் காசு நான்கு பக்கமும்
சிக்காமல், ஆடாமல் ஓடியது.
கொள்ளாம், என்றேன்.

கீல் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன்: ஜன்னல் பக்கம்.
மாற்றிப் போட்டால் கதவே வெளிச்சத்தை மறைக்கும்,
டார்ச்சைப் பல்லில் கடிக்க வேண்டிவரும்.

அப்புறம்தான் சிக்கல். வால்வுக்கு நேர் கீழே செயர்.
திறந்தால் தூசி எவன் வாயிலாவது விழும்.
கதவை மூலைக்குத் தள்ளலாம் என்றார் டிசைனர்.
மூலையிலிருந்து கை எட்டாது என்றேன் நான்.
கதவு அங்கேதான் என்றார் டாக்டர்.
நகர்ந்தது செயர், மூன்றடி.
அதற்காகத் தரையை மறுபடி உடைத்த தங்கப்பழம்
என்னோடு இரண்டு மாசம் பேசவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி போன் வந்தது.
ஏணி, கிளிக். கதவு தன் கயிறுகளில் நின்றது.
இரண்டு தோளும் இடிக்காமல் உள்ளே போயின.
சிமெண்ட் வாசம், காய்ந்த பல்லிமுட்டை,
சுவரில் பென்சிலால் "இடது அடை".
என் கையெழுத்துதான். எழுதியது ஞாபகமில்லை.
நாலு நிமிஷ வேலை.
மூடியபின் கைரேகை ஒன்று பதிந்திருந்தது,
துடைத்துவிட்டு இறங்கினேன்.

போன செவ்வாய் ஒரு பையன் செயரில் கிடந்து
அந்தச் சதுரத்தைக் காட்டிக் கேட்டானாம்:
"அதுக்குள்ள யாரு இருக்கா?"
"இப்ப யாருமில்ல.
வேணும்னா சைமன்தாஸ் அண்ணன் வருவாரு.
நீ வாயைத் திற."